‘கீப் த பீஸ்’: அரசனின் அமைதியும் ஆர்டிஓவின் பிணைப்பத்திரமும்

அரசன் தங்கியிருக்கும் இடத்தின் வாயிலில் தொடங்கி நான்கு திசையிலும் மூன்று மைல், மூன்று பர்லாங்கு, சில ஏக்கர் அகலம், ஒன்பது அடி, ஒன்பது கைப்பிடி, ஒன்பது வாற்கோதுமை மணி. அதுவரை அரசனின் அமைதி. பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முதலாம் ஹென்றியின் காலத்தில் தொகுக்கப்பட்ட இங்கிலாந்துச் சட்டநூல் ஒன்று அமைதிக்கு இப்படி எல்லை அளந்து வைத்திருக்கிறது. அந்த எல்லைக்குள் ஒருவன் கத்தியை உருவினால் அது அரசனுக்கே இழைத்த குற்றம். எல்லையைத் தாண்டி நடந்தால், அங்கே யாருடைய அமைதி செல்லுபடியாகிறது என்று பார்த்துத்தான் தண்டம்.

‘கீப் த பீஸ்’ என்று ஆங்கிலத்தில் இன்று எல்லோரும் சொல்கிற தொடரின் வேர் இங்கே இருக்கிறது. இன்றைய ஆங்கிலத்தில் இதற்கு இரண்டு வழக்குகள். ஒன்று காவல் நிலையத்தையும் நீதிமன்றத்தையும் சார்ந்தது: கலவரம் வராமல் பார்த்துக்கொள்வது, வம்புக்குப் போகமாட்டேன் என்று எழுதிக் கொடுப்பது. மற்றது வீட்டுக்குள் புழங்குவது: சண்டை வேண்டாம் என்று ஒருவர் தன் பக்க நியாயத்தை விழுங்கிக்கொண்டு ஒத்துப்போவது. புகுந்த வீட்டார் பேசியதைக் காதில் வாங்காததுபோல் இருந்துவிட்ட பெண், தன் உழைப்புக்கு இன்னொருவர் பெயர் வாங்கியதை அலுவலகத்தில் சொல்லாமல் விட்டவர் – இவர்கள் செய்ததற்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான். திருமணச் சடங்கில் ஆட்சேபம் கேட்கும் இடத்தில் வரும் ‘ஹோல்ட் யுவர் பீஸ்’ வேறு தொடர். அது வாய் திறக்காமல் இருப்பதை மட்டும் குறிப்பது. வீட்டு வழக்கும் சட்ட வழக்கும் ஒன்றுக்கொன்று தொலைவில் இருப்பதாகத் தோன்றும். ஆனால் அந்தத் தொடரின் வரலாற்றைப் படிக்கப் படிக்க இரண்டிலும் ஒரே கேள்விதான் மேலெழுகிறது. சத்தம் அடங்குவதற்கான விலையை யார் கொடுக்கிறார்?

பழைய ஆங்கிலோ-சாக்சன் இங்கிலாந்தில் நாட்டுக்கு ஒரே அமைதி என்று ஒன்று இருக்கவில்லை. வீட்டுக்கு வீடு ஓர் அமைதி; அதற்கு அந்த வீட்டுத் தலைவன்தான் உரிமையாளன். வெசெக்ஸ் மன்னர் ஐனி ஏழாம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்த சட்டத்தில் இந்த உரிமைக்கு விலைப்பட்டியலே இருக்கிறது. அரசன் வீட்டில் சண்டை போட்டவன் உடைமை எல்லாவற்றையும் இழப்பான். உயிரோடு விடுவதா என்பதும் அரசன் விருப்பம். மடத்தில் சண்டை போட்டால் 120 ஷில்லிங் ஈடு. ஈல்டர்மன் எனப்பட்ட பெருந்தலைவரின் வீட்டில் என்றால் அவருக்கு 60, அதற்கு மேல் அபராதம் 60. சாதாரணக் குடியானவன் வீட்டில் நடந்தாலும் 120 ஷில்லிங் அபராதம் உண்டு. ஆனால் அந்தக் குடியானவன் கையில் கிடைப்பது 6 ஷில்லிங். அடி எல்லா இடத்திலும் ஒரே அடிதான்; கெட்டுப்போன அமைதியின் மதிப்பு மட்டும் வீட்டுக்காரரின் அந்தஸ்தைப் பொறுத்து மாறியது.

பின்வந்த நூற்றாண்டுகளில் அரசனின் அமைதி மற்ற அமைதிகளை ஒவ்வொன்றாக விழுங்கிப் பெருத்தது. வாட்லிங், எர்மின், ஃபாஸ், இக்னீல்டு என்ற நான்கு பெருவழிகளும் அரசனின் அமைதிக்கு உட்பட்டவை என்றானது. அந்தச் சாலைகளில் வழிப்போக்கனைத் தாக்கியவன் உள்ளூர்த் தலைவனுக்கல்ல, அரசனுக்குப் பதில் சொல்லவேண்டும். வணிகருக்கும் வழிப்போக்கருக்கும் இது பெரிய நன்மை, மறுக்க முடியாது. கூடவே இன்னொன்றும் நடந்தது: தண்டப்பணம் அரசனின் கருவூலத்துக்குப் போனது. அமைதியை விரித்தவர்கள் வருவாயையும் விரித்தார்கள்.

அரசனின் சொத்து என்பதால் அவர் இறந்தால் அமைதியும் இறந்தது. இது அலங்காரப் பேச்சு அன்று, சட்ட நிலையே அப்படி. 1135 டிசம்பரில் முதலாம் ஹென்றி இறந்ததும் முடிந்தவன் முடிந்த இடத்தில் கொள்ளையடித்தான் என்று அக்கால வரலாற்றுக் குறிப்பு சொல்கிறது. அடுத்த அரசர் முடிசூடித் தன் அமைதியை அறிவிக்கும்வரை குற்றத்துக்கு உரிமையாளர் இல்லை. 1272 நவம்பரில் மூன்றாம் ஹென்றி இறந்தபோது வாரிசான எட்வர்டு சிலுவைப்போருக்குப் போயிருந்தார். நாடு திரும்ப 1274 ஆகிவிட்டது. அவ்வளவு காலம் அமைதியில்லாமல் இருக்க முடியாது என்று, அவர் வருவதற்கு முன்பே அவர் பெயரில் அமைதி அறிவிக்கப்பட்டது. அதற்குப் பிறகுதான் ஆளுக்கு ஆள் அறுந்துபோகாத, தொடர்ந்து நிற்கும் ‘பீஸ்’ ஒன்று ஆங்கிலச் சட்டத்தில் உருவானது.

அரச நீதிமன்றத்தின் கதவைத் திறக்கும் சாவியாகவும் இந்தச் சொல்லே பயன்பட்டது. ‘படைபலத்தோடும் ஆயுதங்களோடும், நம் அரசரின் அமைதிக்கு எதிராக’ என்ற லத்தீன் வாய்பாடு மனுவில் இருந்தால் அரச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் உள்ளூர் மன்றத்துக்குத்தான் போகவேண்டும். ஆகவே எல்லோரும் அதை எழுதினார்கள். 1317-இல் வந்த ஒரு வழக்கில், தான் வாங்கிய பீப்பாய் ஒயினை விற்றவரே வடித்தெடுத்துவிட்டு உப்புநீரை ஊற்றிவிட்டார் என்று ஒருவர் முறையிட்டார். அதையும் அவர்கள் வாள், வில், அம்பு சகிதம் வந்து செய்ததாகத்தான் மனு சொல்கிறது. ஒயினில் உப்புநீர் கலக்க வில்லும் அம்பும் எதற்கு என்று நீதிபதிகளுக்குத் தெரியாதா என்ன? தெரிந்தே ஏற்றுக்கொண்டார்கள். ‘அமைதிக்கு எதிராக’ என்பது நடந்ததை விவரிக்கும் சொல்லாக இருந்து, அதிகாரத்தை வரவழைக்கும் சொல்லாக மாறியது இப்படித்தான். இன்றைக்கும் முதல் தகவல் அறிக்கைகளிலும் தடையாணைகளிலும் ‘பொது அமைதிக்குக் குந்தகம்’ என்ற தொடரைப் படிக்கும்போது இந்தப் பழைய மனுவை நினைவில் வைத்திருப்பது நல்லது.

நடந்த குற்றத்தைத் தண்டிப்பதோடு இந்தத் தொடர் நின்றிருந்தால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. நடக்கப்போவதைத் தடுக்கும் அதிகாரமாகவும் அது வளர்ந்தது. 1195-இல் அரசரின் சார்பில் ஆட்சி நடத்திய பேராயர் ஹியூபர்ட் வால்ட்டர், அமைதி காப்போம் என்று குடிமக்களிடம் உறுதிமொழி வாங்க வீரர்களை நியமித்தார். 1361-இல் வந்த சட்டம் மாவட்டந்தோறும் ‘ஜஸ்டிஸ் ஆஃப் த பீஸ்’ எனப்பட்ட நடுவர்களுக்கு, நன்னடத்தைக்குப் பிணை வாங்கும் அதிகாரத்தைக் கொடுத்தது. யாரிடம் வாங்கலாம்? நற்பெயர் இல்லாதவர்களிடம் என்று ஆங்கில மொழிபெயர்ப்பு சொல்கிறது. ஆனால் அதிகாரபூர்வப் பதிப்பில் அந்த ‘இல்லாத’ என்ற சொல் சதுர அடைப்புக்குள் நிற்கிறது. மூலத்தின் வாசகம் ஐயத்துக்கு இடமானது. நற்பெயர் உள்ளவரிடமா, இல்லாதவரிடமா என்றே தெளிவில்லாத சட்டத்தை வைத்துக்கொண்டு நீதிமன்றங்கள் நூற்றாண்டுக் கணக்கில் குற்றமே செய்யாதவர்களிடம் எழுதி வாங்கியிருக்கின்றன. எழுதித் தர மறுத்தால் சிறை.

இலங்கைத் தமிழ் வாசகருக்கு இந்த 1361-ஆம் ஆண்டுப் பதவி அந்நியமானதல்ல. பெயருக்குப் பின்னால் ‘சமாதான நீதவான்’ என்று போட்டுக்கொள்பவர்கள் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மலையகத்திலும் இன்றும் இருக்கிறார்கள். பத்திரங்களுக்குச் சான்றளிப்பதே அவர்களிடம் மக்கள் தேடிப்போகும் வேலை. பிணை வாங்கும் அதிகாரம் வேறு கைகளுக்குப் போய்விட்டது. பதவியின் பெயர் மட்டும் ஆறரை நூற்றாண்டைக் கடந்து தமிழில் தங்கியிருக்கிறது.

1882-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் மேற்குக் கடற்கரையில் வெஸ்டன்-சூப்பர்-மேர் என்ற ஊரில் எழுந்த வழக்குதான் இந்த வரலாற்றின் முக்கியமான திருப்பம் என்று நினைக்கிறேன். இரட்சணிய சேனையினர் ஞாயிற்றுக்கிழமைகளில் பாட்டுப் பாடி ஊர்வலம் போவார்கள். அதைப் பிடிக்காதவர்கள் ‘எலும்புக்கூட்டுப் படை’ என்ற பெயரில் திரண்டு வந்து தாக்குவார்கள். கைகலப்பு, கல்வீச்சு. ஊர் நடுவர்கள் ஊர்வலத்தைத் தடைசெய்தார்கள். மார்ச் மாத இறுதியில் தடையை மீறி ஊர்வலம் புறப்பட்டதும் பீட்டி உள்ளிட்ட சேனைத் தலைவர்கள் கைதாகி, அமைதி காப்பதாகப் பிணை எழுதித் தரவேண்டும் என்று உத்தரவானது. அவர்கள் மேல்முறையீடு செய்தார்கள். உயர் நீதிமன்றம் உத்தரவை நீக்கியது. சட்டப்படியான செயலைச் செய்கிறவரை, அதைக் கண்டு மற்றவர்கள் வன்முறையில் இறங்குவார்கள் என்ற காரணத்துக்காகக் குற்றவாளி ஆக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். கல்லெறிபவரை விட்டுவிட்டு, யார்மேல் கல் விழுமோ அவரிடம் எழுதி வாங்காதே என்றது நீதிமன்றம்.

இந்தக் கோட்பாடு ஒரே நேர்கோட்டில் வளரவில்லை. இருபது ஆண்டு கழித்து, 1902-இல், லிவர்பூலில் கத்தோலிக்கர்களின் நம்பிக்கையைத் தெருவில் நின்று கேலி செய்துவந்த ஜார்ஜ் வைஸ் என்ற பிரசாரகரிடம் பிணை கேட்டது சரி என்று தீர்ப்பானது. அவருடைய சொல்லும் சைகையுமே சண்டையை மூட்டும் தன்மையுடையவை என்றார்கள் நீதிபதிகள். இரண்டு தீர்ப்புகளையும் சேர்த்து வாசித்தால் ஒரு கோடு தெரிகிறது. பிறரை இழிவுபடுத்தி வம்புக்கு இழுப்பது ஒன்று; தன் உரிமையைப் பயன்படுத்துவதே பிறர் கண்ணை உறுத்துவது வேறு. அந்தக் கோட்டை எங்கே போடுவது என்பது அதிகாரியின் நேர்மையைப் பொறுத்தது.

கோட்டைத் தவறாகப் போட்ட சந்தர்ப்பங்களும் உண்டு. பெண்களுக்கு வாக்குரிமை கேட்ட போராளிகளை ஆதரித்து 1913-இல் லண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் பேசிய ஜார்ஜ் லான்ஸ்பரியிடம் நன்னடத்தைப் பிணை கேட்டார்கள். அவர் மறுத்தார். மூன்று மாதச் சிறை. பென்டன்வில் சிறையில் உண்ணாவிரதம் இருந்து சில நாட்களில் வெளியே வந்தார். பின்னாளில் தொழிற்கட்சியின் தலைவரும் ஆனார். 1990-களில் டார்செட் பகுதியில் நரி வேட்டையைக் குலைக்கக் கொம்பு ஊதிய இருவரிடம் நூறு நூறு பவுண்டுக்கு நன்னடத்தைப் பிணை வாங்கினார்கள். அது ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்வரை போயிற்று. எதைச் செய்யக்கூடாது என்று தெளிவாகச் சொல்லாத உத்தரவுக்குக் கீழ்ப்படி என்று யாரையும் கட்டாயப்படுத்த முடியாது, அது கருத்துரிமை மீறல் என்று 1999 நவம்பரில் அந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இந்த அதிகாரம் கப்பலேறி இந்தியாவுக்கு வந்து, 1861 தொடங்கி வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டங்களில் உட்கார்ந்துகொண்டது. இங்கிலாந்தில் அதைக் கட்டுப்படுத்த வளர்ந்த தீர்ப்புகள் அதே வேகத்தில் வரவில்லை. 1908 மார்ச்சில் தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தம் தொழிலாளருக்கு வெற்றியாக முடிந்திருந்த நேரம். வ.உ.சிதம்பரம் பிள்ளை, சுப்பிரமணிய சிவா, பத்மநாப ஐயங்கார் மூவர்மீதும் மாவட்ட நிர்வாகம் தொடக்கத்தில் கையிலெடுத்தது நன்னடத்தைக்குப் பிணை கேட்கும் பிரிவுகளைத்தான். மார்ச் 12 அன்று மூவரும் சிறை வைக்கப்பட்டார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் உயிரிழந்தார்கள். அமைதியின் பெயரால் எடுத்த நடவடிக்கை பெருங்கலவரத்தில் முடிந்தது. அரசத் துரோக வழக்கும் கொடுந்தண்டனையும் அதற்குப் பின் வந்தவை.

ஒன்பது ஆண்டு கழித்து சம்பாரணில் காந்திக்கும் இதே சொல்தான் நீட்டப்பட்டது. அவர் அங்கே இருப்பது பொது அமைதிக்கு ஆபத்து, மாவட்டத்தை விட்டு வெளியேற வேண்டும் என்று 144-ஆம் பிரிவின்கீழ் உத்தரவு. 1917 ஏப்ரல் 18 அன்று மோதிஹாரி நீதிமன்றத்தில், உத்தரவை மீறியது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டு தண்டனை கேட்டார் காந்தி. அரசு வழக்கைத் திரும்பப் பெற்றது. அவுரி விவசாயிகளின் வாக்குமூலங்களைத் திரட்ட வந்த ஒருவர் எந்த அமைதியைக் குலைத்தார்? தோட்ட முதலாளிகளின் அமைதியை. அது குலையவேண்டிய அமைதி.

படைகளுக்கும் இந்தத் தொடர் பெயரானது. 1956-இல் சூயஸ் நெருக்கடியின்போது ஐக்கிய நாடுகள் சபை அனுப்பிய படைக்குப் பிறகு ‘பீஸ்கீப்பிங்’ உலகச் சொல்லானது. சபையின் சாசனத்தில் அந்தச் சொல் கிடையாது. 1987 ஜூலை ஒப்பந்தத்தைத் தொடர்ந்து ஈழத்துக்குப் போன இந்தியப் படையின் பெயரும் அமைதி காக்கும் படை. அக்டோபருக்குள் அது போரில் இறங்கியிருந்தது. யாழ்ப்பாண மருத்துவமனைக்குள்ளேயே மருத்துவர்களும் தாதியரும் நோயாளிகளும் கொல்லப்பட்டார்கள். ஈழத்தமிழர் ஒரு தலைமுறைக்கு அந்தப் பெயர் எப்படி ஒலித்திருக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

விடுதலைக்குப் பிறகு இந்தியாவில் இந்த அதிகாரம் மறையவில்லை. ‘கிராஸ் ரோட்ஸ்’ வார இதழைச் சென்னை மாகாண அரசு பொது ஒழுங்கைக் காரணம் காட்டித் தடுத்தபோது, 1950-இல் ரொமேஷ் தாப்பர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தடையை நீக்கியது. மறு ஆண்டே முதலாவது அரசியலமைப்புத் திருத்தம் ‘பொது ஒழுங்கு’ என்பதைக் கருத்துரிமைக்கான வரம்புகளில் ஒன்றாகச் சேர்த்துவிட்டது. 1965-இல் ராம் மனோகர் லோகியா வழக்கில் நீதிபதி ஹிதாயதுல்லா, சட்டம்-ஒழுங்கு பெரிய வட்டம், பொது ஒழுங்கு அதற்குள் சிறிய வட்டம், நாட்டின் பாதுகாப்பு அதற்கும் உள்ளே என்று பிரித்துக் காட்டினார். நல்ல பிரிப்பு. தாலுகா அலுவலகத்தில் அந்த வட்டங்கள் எப்போதும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்துத் தமிழ்நாட்டில் ‘107 போடுவது’ என்றால் கிராமத்தில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. வேலித் தகராறு, திருவிழாவில் யாருக்கு முதல் மரியாதை என்ற சண்டை, தேர்தல் நேரம் – காவல் ஆய்வாளர் அறிக்கை அனுப்புவார், நிர்வாக நடுவரான கோட்டாட்சியரோ (ஆர்டிஓ) வட்டாட்சியரோ அழைப்பாணை அனுப்புவார், ஓராண்டுக்கு மிகாமல் அமைதி காப்பதாகப் பிணைப்பத்திரம் எழுதித் தரவேண்டும். பழைய சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 126-ஆம் பிரிவு. 144 என்பது 163 ஆகிவிட்டது. எண் மாறியது, அதிகாரம் அப்படியே. பெரும்பாலும் இரண்டு தரப்பின்மீதும் போட்டுவிடுவார்கள். அடித்தவனும் அடிவாங்கியவனும் ஒரே வரிசையில் நின்று ஒரே தாளில் கையெழுத்திடுவதை நடுநிலை என்று சொல்வதில் எனக்கு ஒப்புதல் இல்லை. இரு தரப்பும் சமபலமாக இருக்கும் இடத்தில் அது பொருந்தலாம். ஒரு தரப்பு ஊரின் நிலத்தையும் குளத்தையும் கோவிலையும் கையில் வைத்திருக்கிற இடத்தில், இருக்கிற நிலை நீடிப்பதற்கே அந்தக் கையெழுத்து உதவும்.

விழுப்புரம் மாவட்டம் மேல்பாதி திரௌபதி அம்மன் கோவிலில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். 2023 ஏப்ரல் திருவிழாவில் கோவிலுக்குள் போன பட்டியல் சாதி இளைஞர்கள் தாக்கப்பட்டார்கள். பேச்சுவார்த்தைகள் நடந்தன, முடிவு வரவில்லை. ஜூன் 7 அன்று, அமைதி கெடும் நிலை இருப்பதாக 145-ஆம் பிரிவின்கீழ் கோட்டாட்சியர் கோவிலுக்கே சீல் வைத்தார். உயர் நீதிமன்ற ஆணைக்குப் பிறகு 2024 மார்ச்சில் பூசைக்காக மட்டும் கதவு திறந்தது. கலவரம் தவிர்க்கப்பட்டது என்பது உண்மை. உயிர்ச்சேதம் இல்லாமல் போனதை அலட்சியமாகப் பேச முடியாது. ஆனால் உள்ளே வந்து கும்பிடுவது சட்டம் தந்த உரிமை. வரவிடமாட்டோம் என்பது தீண்டாமைக்கு எதிரான 1955-ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம். பூட்டு இரண்டையும் ஒரே தராசில் வைத்தது. வெஸ்டன்-சூப்பர்-மேர் வழக்கில் நீதிபதிகள் கேட்ட கேள்வியைக் கேட்டிருந்தால், யாரிடம் பிணை வாங்கியிருக்க வேண்டும் என்பதில் குழப்பமே வந்திருக்காது.

நீதிமன்றங்கள் இந்த அதிகாரத்துக்கு வேலி போட்டே வந்திருக்கின்றன. 1970-இல் மது லிமாயே வழக்கில் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு இந்தப் பிரிவுகள் செல்லும் என்றது. ஆனால் விசாரணையைத் தொடங்கி, தகவல் உண்மையா என்று பார்க்காமல் இடைக்காலப் பிணை கேட்கக்கூடாது என்றும் கட்டுப்படுத்தியது. 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், காவல் துணை ஆணையர்களுக்கு நிர்வாக நடுவர் அதிகாரம் கொடுத்த 2013, 2014 அரசாணைகளைச் செல்லாதவை என்று அறிவித்தது. புகார் சொல்லும் துறையே தீர்ப்பும் சொல்வது அதிகாரப் பிரிவினைக்கு ஒவ்வாது என்பது காரணம். இந்தத் தீர்ப்புகளைப் பற்றிப் பிணைப்பத்திரத்தில் கையெழுத்திடுகிறவர்களிடம் யாரும் சொல்வதில்லை.

ஆகவே வாசகருக்கு ஒன்று. உங்களுக்கோ உங்கள் ஊர்க்காரருக்கோ இப்படி அழைப்பாணை வந்தால், வெற்றுத்தாளிலோ படித்துப் பார்க்காத பத்திரத்திலோ கையெழுத்திட வேண்டாம். என்ன தகவலின்பேரில் நடவடிக்கை, எவ்வளவு தொகை, எத்தனை காலம் என்று குறிப்பிடும் எழுத்துபூர்வமான ஆணையைக் கேளுங்கள். அதைத் தரவேண்டியது நடுவரின் கடமை. வழக்கறிஞரை வைத்துக்கொள்ளலாம், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யலாம். இடைக்காலப் பிணை கேட்டால் அதற்கான காரணத்தை அவர் எழுதிப் பதிவு செய்திருக்க வேண்டும். விசாரணை தொடங்கிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் அது முடியாவிட்டால், சிறப்புக் காரணம் எழுதி நீட்டித்தால் ஒழிய, அந்த நடவடிக்கை தானாகவே முடிந்துபோகும்.